வாழைச் சீப்பும் கிராம்பு எண்ணெயும்

வாழைத்தாரை மரத்திலிருந்து வெட்டி எடுத்த பிறகும் அதிலுள்ள காய்கள் உயிருடன்தான் இருக்கின்றன. அவை சுவாசிக்கின்றன, ஆக்சிஜனை ஏற்றுக் கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெளிவிடுகின்றன, சிறிது வெப்பத்தையும் வெளியிடுகின்றன. ஆனால் வேரும் இலையும் போய்விட்டதால் இனி வரவு கிடையாது. செலவு மட்டுமே உண்டு. சேமித்து வைத்த மாவுப்பொருளைச் செலவிட்டுக்கொண்டே காய் பழமாகிறது. பழம் பின்னர் அழுகுகிறது. உண்பவர் கைக்குப் போய்ச் சேரும்வரை இந்த அழுகலைத் தள்ளிப்போட முடியுமா என்பதே நம் கேள்வி. அதற்குச் செடிகொடிகளிலிருந்து எடுத்த மருந்து உதவுமா என்பது அதையடுத்த கேள்வி. பார்ப்பதற்கு இது தாவரவியலாகவும் வேதியியலாகவும் தோன்றினாலும், இதன் கடினமான பகுதி இயற்பியலில்தான் இருக்கிறது. அதையே இக்கட்டுரையில் காண்போம்.

தாரிலிருந்து பெட்டிக்கு

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்பவரைக் கவனித்திருப்பீர்கள். அவரிடம் வருவது பெரும்பாலும் முழுத்தார். விற்க விற்கச் சீப்புச் சீப்பாக அறுத்துக் கொடுப்பார். சீப்பின் அடிப்பகுதி கறுத்துவிட்டால் பழங்கள் காம்போடு கழன்று உதிர்ந்துவிடும். உதிர்ந்த பழத்துக்குச் சீப்பின் விலை கிடைக்காது. அன்றைய இலாபம் அங்கேயே கரைந்துபோகும்.

ஒரு காலத்தில் கடல் கடந்து சென்ற வாழையும் முழுத்தாராகவே கப்பலேறியது. அக்காலத்தில் மேலை நாடுகளின் சந்தையை ஆண்டது 'குரோஸ் மிஷல்' என்ற வகை. பனாமா வாடல் நோய் அதைத் தோட்டம் தோட்டமாக அழிக்கவே, அதனிடத்தைக் 'கேவண்டிஷ்' வகைகள் பிடித்தன. நம்மூரில் பச்சைப்பழம் என்று விற்கப்படும் ரோபஸ்டா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கேவண்டிஷ் காயின் தோல் எளிதில் அடிபடக்கூடியது. ஆகவே 1950, 60-களில் தாரைச் சீப்புகளாக அறுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பும் முறை பரவியது.

பெட்டி காயை அடிபடாமல் காத்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சீப்பிலும் ஒரு புதிய வெட்டுவாய் உண்டாயிற்று. வெட்டுவாய் என்பது திறந்த காயம். அதில் பால் வடியும்; பாலைக் கழுவச் சீப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். ஒரு சீப்பிலிருந்த பூசண வித்துகள் அதே தண்ணீரின் வழியாக மற்ற எல்லாச் சீப்புகளின் காயங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இப்படித்தான் 'அடி அழுகல்' பெட்டி வாணிகத்தின் பெரிய தொல்லையாக வளர்ந்தது.

காத்திருக்கும் எதிரி

அடி அழுகல் ஒரே பூசணத்தின் வேலையன்று. கொலிட்டோட்ரைக்கம் மியூசே, லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே, பியூசேரியம் இனங்கள் என்று பல பூசணங்கள் கூட்டாகச் செய்யும் வேலை அது. இவற்றுள் முதலாவது பழத்தோலில் கரும்பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும் 'ஆந்த்ரக்னோஸ்' நோய்க்கும் காரணம்.

இந்தக் கொலிட்டோட்ரைக்கம் மிகவும் பொறுமைசாலி. தோட்டத்தில் மழைத்துளி தெறிக்கும்போதே அதன் வித்துகள் பச்சைக்காயின் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கு முளைத்துச் சிறிய ஒட்டுறுப்பு ஒன்றை உண்டாக்கி, பிறகு ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. காய் பழுக்கத் தொடங்கியதும் உள்ளே நுழைகின்றன. பழுக்கும் நேரம் அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? காயைப் பழுக்கவைப்பதற்குக் காயே வெளிவிடும் எதிலீன் வாயுதான் பூசணத்துக்கும் அடையாளமணியாக ஒலிக்கிறது என்று 1994-இல் பிளைஷ்மன், கோலாட்டுக்குடி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டினர்.

எதிலீனைப் பற்றி இங்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடிக் கண்டெய்னர் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 67 கன மீட்டர், அதாவது 67,000 லிட்டர். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு எதிலீன் இருந்தாலே வாழைக்காய் பழுக்கத் தொடங்கிவிடும். 67,000 லிட்டரைப் பத்து இலட்சத்தால் வகுத்தால் கிடைப்பது 67 மில்லி லிட்டர். அரை டம்ளர் வாயுகூட ஆகாது! அழுகும் அடிப்பகுதி எதிலீனை மிகுதியாக வெளிவிடும். ஆகவே சில சீப்புகளில் தொடங்கிய அழுகல் அந்தச் சீப்புகளோடு நிற்பதில்லை. நல்ல காய்களையும் நடுக்கடலில் பழுக்கவைத்துவிடும். ஒரு பெரிய குளிர்ப்பெட்டியில் ஏறத்தாழ 20 டன் வாழை செல்லும் என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

குளிர் மட்டும் ஏன் போதாது?

வடசென்னை மாணவர்களுக்குக் கண்டெய்னர் புதிதன்று. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் தொடங்கியது. 2001-இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது. 2014 முதல் அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளில், ஒரு முனையில் விசிறியும் குளிர்ப்பொறியும் பொருத்திய வெள்ளைப் பெட்டிகளைக் காணலாம். அவையே குளிர்க் கண்டெய்னர்கள். அதே வகைப் பெட்டியில் உறைந்த இறாலும் போகலாம், வாழையும் போகலாம். இறாலுக்கு வெப்பநிலையை –18 டிகிரி செல்சியசில் வைப்பார்கள். வாழைக்கோ 13 முதல் 14 டிகிரி.

இந்த வேறுபாடு ஏன்? வாழை வெப்ப நாட்டுப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் செல் சவ்வுகள் கெட்டுத் தோல் கறுத்துப்போகும். பிறகு சரியாகப் பழுக்காது. வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்த பழம் கறுப்பது இதனால்தான்.

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் காயின் சுவாச வேகம் ஏறக்குறைய பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். 33 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு வந்தால் இருமுறை பத்துப் பத்தாகக் குறைந்தாயிற்று. ஆகவே வேகம் நான்கில் ஒரு பங்கு முதல் ஒன்பதில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும். காய்க்கு இது பெரிய இலாபம். ஆனால் பூசணத்துக்கு 13 டிகிரி மரணமன்று, மந்தம் மட்டுமே. அது மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். காய் சுருங்காமலிருக்கப் பெட்டியினுள் ஒப்பு ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் வைக்கிறார்கள்; அதுவும் பூசணத்துக்கு ஏற்றதாகவே அமைகிறது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் போய்ச் சேர மூன்று நான்கு வாரம் ஆகும். மெல்ல வளரும் எதிரிக்கு அது போதிய காலம். குளிரை இன்னும் கூட்டவும் முடியாது. எனவே வெட்டுவாயில் ஏதேனும் ஒரு காவல் வேண்டியிருக்கிறது.

பழைய காவலும் அதன் முடிவும்

1968-இல் விற்பனைக்கு வந்த பெனோமில் என்ற பூசணக்கொல்லியும், தயாபெண்டசோல் போன்ற அதன் உறவுப் பொருள்களும் அந்தக் காவலை நன்றாகவே செய்தன. பூசணச் செல் இரண்டாகப் பிரிவதற்கு டியூபுலின் என்ற புரதத்தாலான நுண்குழல்கள் தேவை. பெனோமில் அந்தப் புரதத்தின் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், குழல் உருவாகாது, செல் பிரியாது.

பூட்டின் ஒரே துளைக்குப் பொருந்தும் சாவியைப் போன்றது இம்மருந்து. துளையின் வடிவம் சற்று மாறினால் சாவி பயனற்றுப்போகும். பூசணத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து திடீர் மாற்றம் அடைந்தாலே அது நிகழ்ந்துவிடும். அப்படி மாறிய பூசணங்கள் மருந்துக்குச் சாகாமல் பல நாடுகளில் பெருகின. மேலும், உண்ணும் பொருளில் தங்கும் மருந்தின் எச்சம் பற்றியும், அதைக் கையாளும் தொழிலாளரின் உடல்நலம் பற்றியும் கவலை வளர்ந்தது. பெனோமிலை முதலில் தயாரித்த நிறுவனம் 2001-இல் அதை நிறுத்தியது. இந்தியாவில் 2018-இல் அது தடை செய்யப்பட்டது.

சுண்டை, கறுவா, திருநீற்றுப்பச்சை

தமிழ்நாட்டில் வாழை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. திருச்சியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமே அது. அங்குள்ள அறிவியலாளர்கள் பல தாவரச் சாறுகளை ஆந்த்ரக்னோஸ் பூசணத்துக்கு எதிராகச் சோதித்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் சிறப்பாக வேலை செய்ததாக அவர்கள் கண்டது எது தெரியுமா? நாம் வற்றல் குழம்புக்குப் பயன்படுத்தும் சுண்டைக்காய்ச் செடியின் இலைச்சாறு!

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே தேடல் நடந்தது. கறுவா, அதாவது நம் சமையற்கட்டுப் பட்டை, அத்தீவின் சொந்த மரம். களனிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கறுவா எண்ணெயையும் கிராம்பு எண்ணெயையும் அடி அழுகல் பூசணங்கள் மீது சோதித்து, மிகச் சிறிய அளவிலேயே அவை பூசணத்தைத் தடுப்பதை 2002-இல் தெரிவித்தனர். அடுத்த ஆண்டில் அங்கு 'எம்புல்' என்ற வாழை வகையின் மீது திருநீற்றுப்பச்சை எண்ணெயைத் தெளித்துப் பார்த்தனர். எம்புல் நம் பூவன் வாழைக்கு உறவு. நீரில் 0.16 சதவீதம் கலந்த எண்ணெய், 13.5 டிகிரியில் 21 நாள் வரை அடி அழுகலையும் ஆந்த்ரக்னோசையும் கட்டுப்படுத்தியது. பழத்தின் சுவையும் மணமும் கெடவில்லை.

இந்த எண்ணெய்கள் எப்படிக் கொல்லுகின்றன? கிராம்பிலுள்ள முக்கியப் பொருள் யூஜினால். கறுவாப் பட்டையில் இருப்பது சின்னமால்டிஹைடு. இவை கொழுப்பில் எளிதில் கரைபவை. பூசணச் செல்லின் சவ்வு கொழுப்பாலானது. ஆகவே இவை சவ்வினுள் புகுந்து அதைத் தளரச் செய்கின்றன, உள்ளிருக்கும் உப்புகள் கசிகின்றன, செல் செயலிழக்கிறது. ஒரே துளையை நம்பிய சாவி போலன்றி, சுவர் முழுவதையும் இவை இளக்குகின்றன. ஆகவே இவற்றை எதிர்த்து நிற்கப் பூசணத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதாது என்று அறிவியலாளர் எதிர்பார்க்கின்றனர்.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் அகர் கூழின் மேல் வளரும் பூசணத்தைக் கொல்லும் பொருள்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தட்டு மூடியிருக்கிறது, மருந்து கூழ் முழுவதும் கலந்திருக்கிறது. வாழைச் சீப்பில் நிலைமை அப்படியன்று. இங்குதான் இயற்பியல் நுழைகிறது.

முதல் தடை: எண்ணெயும் நீரும்

0.16 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் நீரில் 1.6 மில்லி லிட்டர் எண்ணெய். ஊற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? எலுமிச்சம்புல் எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது, மேலே மிதக்கும். கிராம்பு எண்ணெய் அடர்த்தி மிகுந்தது. அடியில் போய்த் தங்கும். இரண்டிலும், தொட்டியில் முக்கும் சீப்புகளுள் சிலவற்றுக்கு மருந்து அதிகமாகவும் மற்றவற்றுக்கு அறவே இல்லாமலும் போகும்.

எனவே எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரில் பரப்ப வேண்டும். பாலில் கொழுப்பு பரவியிருப்பதைப் போன்ற இந்தக் கலவைக்குப் பால்மம் என்று பெயர். 1.6 மில்லி லிட்டர் எண்ணெய் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 6.6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளிகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 48,000 சதுர சென்டிமீட்டர். ஏழாயிரம் மடங்குக்கு மேல்! (கோளத்தின் பரப்பு 4πr², கன அளவு 4πr³/3; ஆகவே பரப்பு = 3 × கன அளவு ÷ ஆரம். நீங்களே போட்டுப் பாருங்கள்.) இவ்வளவு புதுப் பரப்பை உண்டாக்க ஆற்றல் தேவை. பரப்பு இழுவிசை அதை எதிர்க்கும். அதைக் குறைக்கச் சோப்பைப் போன்ற ஒரு பால்மமாக்கி சேர்க்கிறார்கள். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு. வாழைத்தோலில் மெழுகுப் படலம் இருப்பதால் வெறும் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். இழுவிசை குறைந்த நீரோ படர்ந்து ஒட்டும்.

இரண்டாம் தடை: பறந்துபோகும் காவலன்

கிராம்பின் மணம் நம் மூக்கை எட்டுகிறது என்றால், அதன் மூலக்கூறுகள் ஆவியாகிப் பறந்து வருகின்றன என்று பொருள். மணம் வீசும் மருந்து, மணம் வீச வீசக் குறைந்துகொண்டே போகும் மருந்து. குளிர்ப்பெட்டியிலோ விசிறி இடைவிடாமல் காற்றைச் சுழற்றுகிறது. முதல் நாள் வெட்டுவாயில் இருந்த எண்ணெய் பதினைந்தாம் நாளில் எவ்வளவு இருக்கும்?

குளிரில் ஆவி அழுத்தம் குறைவதால் 13 டிகிரியில் இழப்பு சற்று மட்டுப்படும். மேலும் மட்டுப்படுத்த ஒரு வழி, எண்ணெயைப் பிசினில் பூட்டி வைப்பது. மலேசியாவில் ஆராய்ச்சியாளர்கள் நம் கருவேலுக்கு உறவான மரத்தின் பிசினை நீரில் 10 சதவீதம் கரைத்து, அதில் 0.4 சதவீதம் கறுவா எண்ணெய் சேர்த்து வாழையின் மேல் பூசி, ஆந்த்ரக்னோஸ் கட்டுப்படுவதை 2011-இல் வெளியிட்டனர். காய்ந்த பிசின் மெல்லிய தோலாகிறது. எண்ணெய் மூலக்கூறு அதனுள் மெல்ல மெல்ல ஊடுருவித்தான் வெளியேற முடியும். காயின் சுவாசமும் நீரிழப்பும் இதனால் குறைகின்றன.

மூன்றாம் தடை: கதவு திறக்கும் நேரம்

பயணம் முடிந்து பெட்டியின் கதவைத் திறக்கிறார்கள். அது நம் எண்ணூரைப் போன்ற வெப்பமான கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 30 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதம். அக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. காயோ 13.5 டிகிரியில் இருக்கிறது. குளிர்ந்த சோடாப் புட்டி வியர்ப்பது போலக் காய்களின் மேல் நீர் படிந்துவிடும். உறங்கிக்கொண்டிருந்த பூசண வித்துக்கு வெப்பமும் நீரும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. காவல் மருந்து மிகவும் தேவைப்படும் நேரம் இது. அது மிகவும் குறைந்திருக்கும் நேரமும் இதுவே. மூடிய இடத்தில் படிப்படியாக வெப்பநிலையை உயர்த்தினால் இந்த நீர்ப்படிவைத் தவிர்க்கலாம். எந்த மருந்தும் இந்த எளிய ஒழுங்குக்கு ஈடாகாது.

இயற்கையானது என்றால் தீங்கற்றதா?

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பூசணத்தின் சவ்வை இளக்கும் எண்ணெய் வாழைத்தோலின் சவ்வையும் இளக்கும். அளவு மிஞ்சினால் தோல் கறுக்கும். நம் தோலையும் கண்ணையும் அது எரிக்கும். கொல்லப் போதுமான அளவுக்கும் சுடக்கூடிய அளவுக்கும் இடையேயுள்ள குறுகிய இடைவெளியில்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்த அளவை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. ஒரே கறுவா மரத்தின் பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு மிகுதி. இலை எண்ணெயிலோ யூஜினால் மிகுதி. ஆகவே 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் எழுதினால் எவ்வளவு போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலையில் செய்த மருந்தைப் போலவே இதையும் அளந்து, பகுத்து, சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

உலகிலேயே மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. ஆனால் ஏற்றுமதியில் நமக்குச் சிறு பங்கே உண்டு. விளைந்தது கெடாமல் போய்ச் சேர்ந்தால் உழவருக்கு வருவாய். தெருவில் விற்பவருக்கு அன்றாடப் பிழைப்பு. நஞ்சில் கை நனைக்காத வேலை தொழிலாளருக்கு. கொல்லும் செடியைக் கண்டுபிடித்தாயிற்று. அதன் எண்ணெயை வெட்டுவாயில் மூன்று வாரம் நிறுத்திவைக்கும் வழியை மலிவாகக் கண்டுபிடிப்பதே மீதமுள்ள பெரும் வேலை.

செய்து பாருங்கள்

1. ஒரே தாரில் அடுத்தடுத்துள்ள மூன்று பச்சைச் சீப்புகளைக் கூரிய கத்தியால் பெரியவர் ஒருவரைக் கொண்டு அறுத்துக்கொள்ளுங்கள்.

2. 10 கிராம் கிராம்பை நசுக்கி, 200 மில்லி லிட்டர் நீரில் மூடியிட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள். (மூடி எதற்கு? சிந்தியுங்கள்.)

3. முதல் சீப்பின் வெட்டுவாயைக் கிராம்பு நீரிலும், இரண்டாவதைக் கொதித்து ஆறிய வெறும் நீரிலும் இரண்டு நிமிடம் முக்குங்கள். மூன்றாவதை ஒன்றும் செய்ய வேண்டாம்.

4. மூன்றையும் ஒரே அளவுள்ள தனித்தனி அட்டைப்பெட்டிகளில் ஒரே இடத்தில் வையுங்கள். நாள்தோறும் கறுத்த பகுதியின் நீளத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். உதிர்ந்த பழங்களையும் எண்ணுங்கள்.

5. ஒருமுறை கிடைத்த முடிவை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். சோதனைப் பழங்களை உண்ண வேண்டாம். கடையில் விற்கும் கிராம்பு எண்ணெயைக் கையால் தொடவும் வேண்டாம்.

கிராம்பு நீரும் வெறும் நீரும் ஒரே முடிவைத் தந்தால் வருந்தாதீர்கள். எண்ணெய் எங்கே போயிற்று என்று மேலே கண்ட மூன்று தடைகளில் தேடுங்கள். அத்தேடலே ஆராய்ச்சியின் முதற்படி.